இரட்டை வட்டக் குளம்

2024 மார்ச் 4
ஜொன்ஜு

தோ கிஹோ அவர்களுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலை பல் துலக்கும்போது முடிவு செய்தேன். மூன்றரை ஆண்டுகளாக மூடியிருந்தேன். அதனால் யாருக்கும் லாபமில்லை. பல்லைக் கடித்துக் கடித்து எனக்குக் கடைவாய்ப்பல் தேய்ந்துவிட்டதாக மருத்துவர் சொல்கிறார்.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பீர்கள். முன்பு நீங்கள் கைப்படச் செதுக்கிய தூண்டில் மிதவைகளை எனக்கு ஓர் அட்டைப்பெட்டியில் அனுப்பினீர்கள். உங்கள் வீட்டு முகவரி அதன் மேல் இருக்கிறது. பெட்டியும் இருக்கிறது, மிதவைகளும் இருக்கின்றன. தூக்கியெறிய இரண்டு முறை முயன்றேன். நல்ல மிதவைகள்.

எட்டாயிரம் பேரை மேய்ப்பவருக்கு ஒருவனை நினைவில் வைப்பது சிரமம். ஆகவே வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் ‘கரையோரம்’ இணையக் குழுவில் ‘நாணல்’ என்ற பெயரில் பதினோரு ஆண்டுகள் எழுதியவன் நான். கெண்டை எந்தக் காற்றில் கரைக்கு வரும், மழைக்கு முன் அடிநீர் எப்படிப் புரளும் என்றெல்லாம் எழுதினேன். நான் மூன்று பல்கலைக்கழகங்களில் மணிக்கணக்குக்குப் பாடம் எடுக்கும் ஆள். மூன்றிலும் எனக்கு ஒரு மேசை கிடையாது. என் ஆய்வேட்டைப் பார்த்து எழுதியவன் இன்று துறைத்தலைவர். நான் எழுதியதைக் காத்திருந்து படித்தவர்கள் கரையோரத்தில் மட்டும்தான் இருந்தார்கள். அதனால்தான் நீங்கள் செய்தது இவ்வளவு வலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமது குழுவில் யாரும் எழுதிவைக்காத ஒரு விதி இருந்தது. நல்ல குளம் எதுவானாலும் அதன் பெயரை எழுதக்கூடாது. பெயர் வரும் இடத்தில் இரண்டு வட்டம் போடவேண்டும். நான் ஒருபோதும் அதை மீறியதில்லை. நீங்களும் நானும் ஆறு வசந்தங்கள் உட்கார்ந்த அந்தக் குளத்தைப் பற்றி எழுதியபோதும் இரண்டு வட்டம்தான் போட்டேன். அதோடு போட்ட படத்தின் ஓரத்தில் அந்த ஊரின் ஒரு நீலக் கூரை விழுந்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு. இரும்புக்கெண்டை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் அதைச் சிவப்பு மையால் சுற்றி, “நாணல்தான் காட்டிக்கொடுத்தான்” என்று போட்டான். அடுத்த சனிக்கிழமையே குளத்தைச் சுற்றிக் கார்கள் நின்றன. வரப்பை மிதித்தார்கள், குப்பையை எரித்தார்கள், ஊர்க்காரர்கள் சங்கிலி போட்டு மூடினார்கள். அந்தக் கோடை முழுக்க, முகமில்லாத எட்டாயிரம் பேர் என்னைப் போட்டு மிதித்தார்கள்.

அதைக்கூட மறந்துவிடுவேன். கடைசியில் என்னை வெளியேற்றிய அறிவிப்பை எழுதியவர் நீங்கள். ஆறு ஆண்டுகள் என்னை அண்ணே என்று அழைத்த வாய், “மேற்படி உறுப்பினர்” என்று எழுதியது.

அன்றே இணையத்தை விட்டேன். மடக்குகிற தொலைபேசி ஒன்று வைத்திருக்கிறேன், பேசுவதற்கு மட்டும். ஆனால் நான் எழுதியவை இன்னமும் உங்களிடம் இருக்கின்றன. வெளியேற்றப்பட்டவன் தன் பதிவைத் தானே அழிக்க முடியாதாம். உங்கள் குழுவின் அமைப்பு அப்படி. திருடன் என்று சொல்லி வீட்டைவிட்டுத் துரத்தினீர்கள், என் சட்டைகளை மட்டும் இன்னும் நீங்கள் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

உங்கள் உறுப்பினர்களைப் போலன்றி, எழுதியதற்குக் கீழே என் பெயரைப் போடுகிறேன்.

முனைவர் பியோன் இன்சூ (நிலத்தடி நீரியல்)


மார்ச் 19
ஹொங்சொங்

இன்சூ அண்ணே,

இங்க மஞ்சப்பூ பூத்துருச்சு. காலையில மட்டும் குளிரு. நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேக்கணும், ஆனா நல்லா இல்லன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க.

எனக்கு எழுத வராது. வீடு வாங்க வர்றவங்ககிட்ட வாய் வலிக்கப் பேசுற தரகன் நான். பேசுற மாதிரியேதான் எழுதுவேன், திருத்தாதீங்க. கையெழுத்துக் கடிதம் வந்ததப் பாத்ததும் என் பொண்டாட்டி வெலவெலத்துப் போயிட்டா. “யாருய்யா கேஸ் போட்டிருக்கான்? எந்த வீட்டுல ஒழுகுது?”ன்னு கேட்டா. “இல்லடி, நாணல் அண்ணன்”னேன். “அவரா! உயிரோடதான் இருக்காரா? உன்ன அடிக்காம விட்டாரே, அதுவரைக்கும் நல்ல மனுசன்”னு சொல்லிட்டுப் போயிட்டா. எங்க வீட்டுல உங்களுக்குத்தான் ஆதரவு.

ஆனா அண்ணே, நீங்க சொல்லாம விட்டதையும் சொல்லணும்ல? அந்தக் கோடையில நீங்க சும்மாவா இருந்தீங்க? ஒரு வரித் திட்டுக்கு நீங்க ஒம்பது பக்கம் பதில் போட்டீங்க. அடிக்குறிப்போட! “எழுதப் படிக்கத் தெரியாத மந்தை”ன்னு எட்டாயிரம் பேரையும் சொன்னீங்க. அந்த எட்டாயிரத்துல நானும் இருக்கேன். “கொஞ்சம் ஆறட்டும், பேசாம இருங்கண்ணே”ன்னு நான் எத்தன தடவ போன் பண்ணேன்? கடைசியில என் நம்பரையும் தடுத்துட்டீங்க. உங்கள வெளியேத்தணும்னு நிர்வாகிங்க எல்லாரும் கையத் தூக்கினாங்க. நான் தூக்கல. ஆனா தலைவன்னு ஒருத்தன் இருந்தா அறிவிப்ப அவன்தான எழுதணும்? ஏற்கெனவே இருந்த அறிவிப்புல பேர மட்டும் மாத்தினேன். “மேற்படி”ங்கறது அதுல இருந்தது. நான் பாக்கல. பாக்காததுதான் தப்புன்னு நீங்க சொல்வீங்க.

அழிக்கணும்னா ஒவ்வொண்ணாத்தான் அழிக்கணும், மொத்தமா அழிக்க வழியில்ல. வேலை கெடக்கு. அதவிட ஒண்ணு, புதுசா வர்ற பசங்க இன்னும் உங்களத்தான் படிக்கிறாங்க. கீழ வந்து “நாணல் அவர்களே, இது எந்த மாசம்?”னு கேக்குறாங்க. ஆள் இல்லாத வீட்டுக் கதவத் தட்டுற மாதிரி. எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்.

யோசிங்க.

கிஹோ


ஏப்ரல் 2
ஜொன்ஜு

தோ கிஹோ அவர்களுக்கு,

யோசித்தேன். அழியுங்கள்.

அடிக்குறிப்பு போட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆதாரம் இல்லாமல் பேசியவர்கள் மத்தியில் ஒருவனாவது ஆதாரம் கொடுக்கவேண்டும்.

இணையம் இல்லாமல் எப்படி வாழ்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. நூடுல்ஸ் கடையில் திரையைத் தொட்டுத்தான் சாப்பாடு சொல்லவேண்டும். அது என் அட்டையை வாங்காது. பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். துறைச் செய்திகள் எல்லாம் கைப்பேசிக் குழுவில் வருகின்றன. அலுவலகத்து உதவியாளர் செல்வி மோ மட்டும் அவற்றை எனக்காகத் தாளில் அச்சடித்துத் தருகிறார். “பேராசிரியர் ஐயா, உங்க ஒருத்தருக்காகத்தான் இந்த மெஷினுக்கு மை வாங்குறோம். நீங்க ஓய்வு பெற்றா இதுக்கும் ஓய்வு” என்கிறார். என்னைப் பேராசிரியர் என்று அழைக்கும் ஒரே ஆளும் அவர்தான்.

முதல் சில மாதங்கள் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. வெட்கமாக இருக்கும், இறந்துபோனவருக்குத் தேநீர் ஊற்றிவிட்டது போல. பிறகு அதைவிட அவமானமான ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஊருக்குள் ஓடும் ஆற்றோரம் நடக்கும்போது ஒரு கொக்கு நின்றால், அது காலைத் தூக்குவதற்கு முன்பே உங்களுக்கான வாக்கியம் என் தலையில் தயாராகிவிடும். வெளியேற்றப்பட்ட பிறகும் இரண்டு ஆண்டுகள் அந்த எட்டாயிரம் பேருக்காகத்தான் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை மிதித்தவர்களுக்காக! இப்போதுதான் கொக்கு வெறும் கொக்காகப் பறந்துபோகிறது.

தூண்டிலை எடுப்பதில்லை. உட்கார்ந்தால் நீலக் கூரை கண்முன் வருகிறது. ஒருவேளை நான்தானோ என்ற சந்தேகம் இருக்கிறதே, அதைத்தான் உங்களால் எனக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. படத்தை அனுப்புவதற்கு முன் ஓரத்தை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. அந்தக் குளம் என்னால்தான் போனதா?

பதிவுகளை அழிப்பதற்கு எவ்வளவு நாளாகும் என்று எழுதுங்கள்.

பியோன் இன்சூ


மே 14
ஹொங்சொங்

அண்ணே,

இங்க வயல்ல தண்ணி கட்டிட்டாங்க, நாத்து நடப்போறாங்க. பதில் எழுத இவ்வளவு நாளாச்சுன்னு கோவிச்சுக்காதீங்க. அழிச்சுக்கிட்டிருந்தேன்.

பழசுலேருந்து ஆரம்பிச்சேன். அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிப்போம்னு நெனச்சது தப்பாப்போச்சு. ஒண்ணப் படிச்சா இன்னொண்ணு. என் மடக்கு நாற்காலி உடைஞ்சு நான் குளத்துல விழுந்ததப் பத்தி எழுதியிருக்கீங்களே, “மிதவை என்ற பெயருடைய நண்பர் மிதக்கவில்லை”ன்னு! கடையில ஆளுங்க உக்காந்திருக்கும்போது சிரிச்சுத் தொலைச்சுட்டேன். வீடு பாக்க வந்த அம்மா, “என்ன, வாடகைய நெனச்சு நீங்களே சிரிக்கிறீங்களா?”ன்னு கேட்டுது.

இன்னொண்ணு சொல்லணும். போன வருஷம் எனக்குப் பித்தப்பைய எடுத்தாங்க. ஆஸ்பத்திரியிலேருந்து குழுவுல ஒரு வரி போட்டேன். நூத்துக்கணக்குல பதில் வந்துச்சு. எல்லாத்துலயும் அதே அழுவற கரடி பொம்மை. வரிசையா கரடி. ஒருத்தன்கூட வரல. ஒருத்தன் தனியா எழுதினான், “தலைவரே, இனிமே கனமான தூண்டில் தூக்க மாட்டீங்கல்ல, விக்கிறீங்களா?”ன்னு. அன்னிக்குப் படுத்துக்கிட்டு உங்களத்தான் நெனச்சேன். எங்கப்பா செத்தப்ப மூணு நாளும் சாவு மண்டபத்துல உக்காந்து, எறச்சிக் குழம்பு காரம் பத்தலன்னு சமையக்காரன்கிட்ட சண்டை போட்டது நீங்க ஒருத்தர்தான்.

சரி, இப்ப முக்கியமான விஷயம். உக்காந்துக்கிட்டுப் படிங்க.

போன வாரம் ஒருத்தருக்கு நெலம் காட்ட அந்த ஊருக்கே போனேன். நம்ம ரெட்டை வட்டம் இருக்கற ஊருக்கு. ஊர்த்தலைவர் ஓக் ஐயா, எழுபத்தெட்டு வயசு, காதுல பென்சில். பொதுக்கூடத்துல பார்லி டீ குடுத்தார். நான் சும்மா கேட்டேன், “ஐயா, குளத்துல ஏன் யாரையும் விடறதில்ல?”

“அத ஏங்கேக்குற தம்பி? நானே வெச்சுக்கிட்ட வெனை”ன்னார். “பள்ளிக்கூடத்த மூடுனாங்க, பஸ்ஸக் கொறைச்சாங்க. நாலு பேரு வந்து போனா நல்லதுன்னு, கணினி வகுப்புக்குப் போயி, ஊரு பேர்ல ஒரு பக்கம் தொறந்தேன். குளத்த நல்லாப் படம் புடிச்சு, எந்த பஸ்ஸு, எங்க எறங்கணும், எல்லாம் போட்டேன். கெண்டை கொழுத்துக் கெடக்குதுன்னும் போட்டேன். நாலு பேரத்தான கேட்டேன்? ஊரே தூண்டில் தூக்கிட்டு வந்தா?”

டீயப் பாதியில வெச்சுட்டு எழுந்துட்டேண்ணே. வீட்டுக்கு வந்து தேடினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கு. உங்க பதிவுக்கு முன்னாடியே, செர்ரி பூத்த வாரத்துலயே போட்டிருக்கார். அதுக்குக் கீழ “இந்த வாரமே வர்றோம்”னு ஆளுங்க எழுதியிருக்காங்க. உங்க நீலக் கூரைய யாரும் பாத்து வரல. குளம் உங்களால போகல.

இப்ப சொல்லுங்க. குழுவோட உச்சியில, எல்லாரும் பாக்குற மாதிரி, ஆதாரத்தோட மன்னிப்பு ஒட்டணுமா? நீங்க சொன்னா அன்னிக்கே ஒட்டுறேன். உங்களத் திரும்பச் சேத்துக்கறேன். அதுவரைக்கும் அழிக்கறத நிறுத்தி வெச்சிருக்கேன்.

கிஹோ


மே 18

கிஹோ,

ஒட்டு.

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். அழவில்லை, காற்று அதிகம்.

முழு ஆதாரத்தோடு ஒட்டு. ஊர்ப்பக்கத்தின் தேதி, என் பதிவின் தேதி, இரண்டும் அருகருகே இருக்கட்டும். இரும்புக்கெண்டையின் பெயர் இருக்கட்டும். ‘மேற்படி உறுப்பினர்’ என்பதற்குப் பதிலாக என் முழுப் பெயர், பட்டத்தோடு. குழுவில் நான் சேரப் போவதில்லை. அவர்கள் அதைப் படித்தார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். யார் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது, ஒருவரையும் விடாமல்.

முனைவர் பியோன் இன்சூ


ஜூன் 10
ஹொங்சொங்

அண்ணே,

வெயிலப் பத்தி எழுத இப்ப மனசில்ல. நேரா சொல்றேன்.

ஒட்டினேன். நீங்க சொன்னபடியே. முதல் நாள் நல்லாத்தான் இருந்துச்சு. “நாணல் அவர்களே, மன்னிச்சிடுங்க”ன்னு வரிசையா வந்தாங்க. நெறைய கரடி. ஒரு பையன் மட்டும் நெசமா எழுதியிருந்தான். அப்ப அவன் உங்களத் திட்டினானாம், இப்ப அவனே ஒரு வேலையில மாட்டித் திட்டு வாங்கும்போதுதான் புரிஞ்சுதாம். அத உங்களுக்காக எழுதி வெச்சிருக்கேன்.

ரெண்டாவது நாளு இரும்புக்கெண்டை வந்தான். மன்னிப்பெல்லாம் இல்ல. “அப்ப உண்மையான குற்றவாளி அந்தக் கெழவன்தான்”னு ஒரு வரி போட்டான். அவ்வளவுதாண்ணே. உங்க மேல எறிஞ்ச அதே கல்லப் பொறுக்கி அவர் மேல எறிய ஆரம்பிச்சுட்டாங்க. சொல்லுகூட மாறல. உங்களச் சொன்ன அதே வார்த்தைங்க.

அவரு ஊர்ப்பக்கத்துல மிளகாய்த்தூள் விக்கிறதுக்காகத் தன் போன் நம்பரப் போட்டிருக்கார். ஆளாளுக்குக் கூப்பிட்டுத் திட்டுறான். பொய்யா ஆர்டர் போடுறான். வயசான மனுசன் எல்லாத்தையும் கட்டி வெச்சுக்கிட்டு வண்டிக்காகக் காத்திருக்கார். நான் பயந்துபோய் நேத்து அங்க ஓடினேன். நான் போகும்போது ஊரு ஒலிபெருக்கியில பேசிக்கிட்டிருந்தார். எப்பவும் உரம் வந்திருக்கு, ஊசி போட வாங்கன்னு சொல்லுவாரே, அதே குரல்ல, “ஊர் மக்களே, நான் ஓக் பேசறேன். போன் அடிச்சா யாரும் எடுக்காதீங்க. மீன்காரங்க என்ன வையறாங்க. உங்களயும் வையப் போறாங்க. எடுக்காதீங்க”ன்னார். வயல் முழுக்கக் கேட்டுச்சு. நாத்து நட்டுக்கிட்டிருந்தவங்க நிமிந்து பாத்தாங்க. எனக்குத் தலையத் தூக்க முடியல.

கமெண்ட்ட அழிக்க அழிக்க வருது. அந்த அறிவிப்ப எடுத்தாத்தான் நிக்கும். ஆதாரத்தோட சுட்டி அதுலதான் இருக்கு. ஆனா எடுத்தா, நீங்க மறுபடியும் பழைய குற்றவாளிதான். எடுத்ததுக்குக் காரணம் கேப்பாங்க. “பாத்தியா, பொய்யி, அதான் எடுத்துட்டான்”னுதான் சொல்லுவாங்க. இந்தத் தடவ துடைக்கவே முடியாது.

அது உங்க அறிவிப்பு. உங்களக் கேக்காம தொடமாட்டேன். ஒரு தடவ உங்களக் கேக்காம எழுதினதே போதும். உங்க புது நம்பர் என்கிட்ட இல்ல, கடை நம்பர் கீழ இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க.

கிஹோ


ஜூலை 2
ஜொன்ஜு

தம்பி கிஹோ,

தொலைபேசியில் “எடுத்துவிடு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ “அண்ணே” என்று ஆரம்பித்தாய். மேலே பேசினால் என் குரல் எனக்கே கேட்காது என்று தோன்றியது.

உடனே சொன்னேன் என்று நினைத்துப் பாராட்டிவிடாதே. உன் கடிதம் காலையில் வந்தது. நான் உன்னை அழைத்தது மாலையில். இடைப்பட்ட நேரத்தில் வகுப்பில் நீரோட்டச் சமன்பாட்டைத் தப்பாக எழுதிவிட்டு, மாணவர்கள் திருத்தியும் புரியாமல் நின்றேன். மூன்றரை ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய அறிவிப்பு. ஒரு வாரமாவது இருக்கட்டுமே, நான் என்ன குற்றவாளியா, அந்தக் கிழவர் ஊர்ப்பக்கத்தில் எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா என்று உள்ளே ஒருவன் அடிக்குறிப்போடு வாதாடினான். அவனுடைய நடையைக் கேட்டதும் எங்கேயோ படித்தது போலிருந்தது. அடிக்குறிப்பை எடுத்துவிட்டால் இரும்புக்கெண்டை எழுதியதும் அதுதான். அதன் பிறகுதான் உன் எண்ணை அழுத்தினேன்.

எடுத்ததற்கு என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று நீ எழுதவில்லை. எழுதவேண்டாம். கரையோரத்தையே இழுத்து மூடிவிட்டதாக நீ அனுப்பிய அஞ்சலட்டை கிடைத்தது. மொத்தமாக மூடினால் எல்லாப் பதிவுகளும் மொத்தமாகப் போய்விடும் என்பது உனக்கு முன்பே தெரிந்திருக்குமே, ஏன் ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்தாய்? கேள்விதான், குற்றச்சாட்டு இல்லை. நீ நாற்காலியோடு விழுந்த பதிவை மட்டும் தாளில் அச்சடித்து வைத்திருப்பதாகச் சொல்கிறாய். இரண்டாவது வரியில் ஒரு பிழை இருக்கிறது. வரும்போது திருத்தித் தருகிறேன்.

ஆம், வருகிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லவேண்டும்.

போன சனிக்கிழமை அந்த ஊருக்குப் போனேன், உனக்குச் சொல்லாமல். ஓக் ஐயா எழுதியிருந்த அதே பேருந்து வழியில்தான் போனேன். செல்வி மோ அந்தப் பக்கத்தை முன்பே அச்சடித்துத் தந்திருந்தார். நல்ல வழிகாட்டி. எந்தக் கடையில் கழிப்பறை உண்டு என்பது வரை இருக்கிறது. இறங்கியதும், பொதுக்கூடத்து வாசலில் காதில் பென்சிலோடு நின்ற கிழவர் என் கையைப் பார்த்தார்.

“தூண்டில் எங்கே?” என்றார்.

“கொண்டுவரல ஐயா. மிளகாய்த்தூள் வாங்க வந்தேன்.”

“ஆர்டர் போட்டுட்டு ஓடிப்போன ஆளுங்கள்ல நீ யாரு?”

“அவங்க யாரும் இல்ல. ஆனா அவங்க எடுக்காத பொட்டலம் எல்லாத்தையும் பாருங்க, தூக்க முடிஞ்ச வரைக்கும் நான் எடுத்துக்கறேன்.”

அவர் பொட்டலங்களை எண்ணினார். “தம்பி, உனக்கு வயித்துல ஏதாவது கோளாறா?” என்றார். “ஒரு மனுசன் இவ்வளவு காரம் தின்னா செத்துப்போவான்.”

பிறகு அவர் குளத்துச் சங்கிலியைத் திறந்தார். நான் கேட்கவில்லை. எரித்த இடங்களில் புல் வந்துவிட்டது. நீ விழுந்த இடத்தில் தாமரை பரவியிருக்கிறது. கரையில் இன்னும் புட்டிகள் கிடக்கின்றன. ஆளுக்கொரு சாக்கை எடுத்துக்கொண்டோம். பேசிக்கொண்டே பொறுக்கினோம். தொலைபேசி இப்போது அடிப்பதில்லையாம். “அடிக்காம இருக்கறதும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு” என்றார். ஊர்ப்பக்கத்தைத் தானே அழித்துவிட்டாராம். அழிப்பது எப்படி என்று வகுப்பில் சொல்லித்தரவில்லை, கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனதாம்.

குனிந்தபடியே கேட்டார். “எனக்கு முன்னாடி வேற ஒருத்தனப் போட்டு வருஷக்கணக்கா அடிச்சாங்களாமே. நான் செஞ்சதுக்கு. பாவம், அந்த ஆளு யாரு, உனக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சவர்தான்” என்றேன்.

“எப்படி இருக்காரு?”

“இப்ப பரவாயில்லையாம்.”

“பாத்தா சொல்லு, ஒரு தடவ வந்து தூண்டில் போட்டுட்டுப் போகட்டும். கூட ஒரு ஆளையும் கூட்டிக்கட்டும், தனியா உக்காந்தா தூக்கம் வரும். ஆனா படம் எடுக்கற பொட்டிய நீட்டினா குளத்துல போட்டுடுவேன்.”

சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

அறுவடைக்கு முன்னால் ஒரு காலை வேளையைப் பார். வயிற்றில் பித்தப்பை இல்லாதவன் என்ன சாப்பிடலாம் என்று உன் மனைவியிடம் கேட்டு எழுது. பெட்டியைத் திறந்து உன் மிதவைகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு மட்டும் சாயம் போயிருக்கிறது. நாற்காலி நானே கொண்டுவருகிறேன், உன்னுடையதை நம்பமாட்டேன். கொக்கு வந்தால் பார்ப்போம். யாருக்கும் எழுத வேண்டியதில்லை.

கையொப்பம் போடப் பேனாவைக் கீழே கொண்டுபோனேன். ‘முனைவர்’ என்று தொடங்கினால் உன்னோடு சண்டைக்கு வருகிற ஆள் வந்து நிற்கிறான். ‘நாணல்’ என்று போட்டால் அந்தப் பெயர் இப்போது எங்கேயும் இல்லை. நீயும் நானும் மிகவும் விரும்பிய குளத்துக்கு ஒருநாளும் பெயர் எழுதியதில்லை. அந்தக் குழுவில் நாம் கற்றுக்கொண்டதில் உருப்படியானது அது ஒன்றுதான். என் கையெழுத்து உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் பெயர் போடாமலேயே தபால்பெட்டியில் போடப்போகிறேன்.